மறைமுக முறையில் இயக்க ரொக்க ஓட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் பதில்கள் எல்லாம் ஒரே கணக்கைச் சுற்றித்தான் வருகின்றன. திருப்பூரில் பின்னலாடை தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கற்பனை, எண்களும் விளக்கத்துக்காக அமைத்தவை. நிதியாண்டு 2024-25, தொகைகள் லட்சம் ரூபாயில், பின்பற்றும் தரம் ஏஎஸ் 3 (ரொக்க ஓட்ட அறிக்கைக்கான இந்தியக் கணக்கியல் தரம்).

மறைமுக முறை என்றால் என்ன?

லாப நட்டக் கணக்கு காட்டும் லாபத்தில் தொடங்கி, தொழிலை நடத்தியதில் உண்மையில் எவ்வளவு பணம் வந்தது என்ற இடத்துக்குப் போய்ச் சேருவது. வாடிக்கையாளரிடம் வாங்கியது இவ்வளவு, நூல் மில்லுக்குக் கொடுத்தது இவ்வளவு, சம்பளம் இவ்வளவு என்று வரவு செலவை நேராக எழுதினால் அது நேரடி முறை. இரண்டிலும் கடைசியில் வரும் எண் ஒன்றேதான். ரொக்க ஓட்ட அறிக்கைக்கு மூன்று பகுதிகள்: அன்றாடத் தொழில் இயக்கப் பகுதி, சொத்து வாங்குவதும் விற்பதும் முதலீட்டுப் பகுதி, கடனும் பங்கு மூலதனமும் நிதியளிப்புப் பகுதி. கடைசி இரண்டுக்கும் இந்த வேறுபாடு கிடையாது, அவை எப்போதும் நேரடியாகவே எழுதப்படுகின்றன.

லாபத்துக்கும் ரொக்கத்துக்கும் இடையே வித்தியாசம் வர மூன்றே காரணங்கள்தான். முதலாவது, பணமே நகராத பதிவு, தேய்மானம் போல. இரண்டாவது, பணம் நகர்ந்திருக்கும், ஆனால் அது இயக்கப் பகுதியில் வரக்கூடாது, வேறு பகுதியைச் சேர்ந்தது. கடன் வட்டியும் இயந்திரம் விற்ற லாபமும் அப்படி. மூன்றாவது, பணம் இயக்கத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் இந்த ஆண்டில் வந்து சேரவில்லை அல்லது போன ஆண்டுக்குரியது இப்போது வந்தது. ஒவ்வொரு சரிக்கட்டலையும் எழுதும்போது அது இந்த மூன்றில் எது என்று சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத வரியை எழுதாதீர்கள். மனப்பாடப் பட்டியலை வைத்து வேலை செய்பவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான்.

யார் தயாரிக்க வேண்டும்? மறைமுக முறை கட்டாயமா?

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 2(40) பிரிவுப்படி ரொக்க ஓட்ட அறிக்கை நிதிநிலை அறிக்கைகளின் ஒரு பகுதி. ஒருநபர் கம்பெனி, சிறு கம்பெனி, செயல்படாத கம்பெனி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஏஎஸ் 3, இண்ட் ஏஎஸ் 7 (சர்வதேசத் தரத்தையொட்டிய இந்தியத் தரம்) இரண்டுமே எந்த முறையையும் அனுமதிக்கின்றன. ஆனால் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் மறைமுக முறை மட்டுமே வர வேண்டும் என்பது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் விதி. அரையாண்டு முடிவுகளோடும் அவை ரொக்க ஓட்டத்தைத் தர வேண்டும்.

இலங்கையில் இதே அறிக்கையைக் காசுப் பாய்ச்சல் கூற்று என்பார்கள், அங்கே தரம் எல்கேஏஎஸ் 7. கணக்கிடும் வழி இதேதான்.

தொடங்கும் முன் மேசையில் என்னென்ன இருக்க வேண்டும்?

இரண்டு ஆண்டு இருப்புநிலைக் குறிப்பும் இந்த ஆண்டு லாப நட்டக் கணக்கும் மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதி வேலைதான் நடக்கும். இவையும் வேண்டும்: நிலைச் சொத்து ரெஜிஸ்டர், ஒவ்வொரு கடனுக்கும் வங்கி ஸ்டேட்மென்ட், வைப்புத்தொகைப் பட்டியல் (தொடங்கிய தேதி, முதிர்வுத் தேதியோடு), வருமான வரி லெட்ஜர், படிவம் 26ஏஎஸ் (நம் பெயரில் பிடித்த, கட்டிய வரிகளின் பட்டியல்), ஆள்வாரியான கடனாளிகள் (நமக்குத் தர வேண்டியவர்கள்) மற்றும் கடனீந்தோர் (நாம் தர வேண்டியவர்கள்) பட்டியல், கொடுபட வேண்டிய செலவுகளின் பிரிவு. கடைசி இரண்டும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். காரணம் எடுத்துக்காட்டில் தெரியும்.

முழுக் கணக்கையும் ஒருமுறை போட்டுக் காட்ட முடியுமா?

வரிக்கு முந்தைய லாபம் 142. அதற்குள் அடங்கியவை: தேய்மானம் 58, நிதிச் செலவு (கடன் வட்டி) 36, வைப்புத்தொகை வட்டி வருமானம் 6, பழைய பின்னல் இயந்திரம் விற்ற லாபம் 4, ஐயக்கடன் ஒதுக்கில் (வசூலாகாமல் போகலாம் என்று ஒதுக்கி வைப்பது) சேர்த்தது 5, வெளிநாட்டு வாடிக்கையாளர் பாக்கியை மார்ச் 31 டாலர் மதிப்பில் எழுதியதால் வந்த, கைக்கு வராத லாபம் 3.

வரிக்கு முந்தைய லாபம்: 142
கூட்டு, தேய்மானம்: 58
கூட்டு, நிதிச் செலவு: 36
கழி, வைப்புத்தொகை வட்டி: 6
கழி, இயந்திரம் விற்ற லாபம்: 4
கூட்டு, ஐயக்கடன் ஒதுக்கு: 5
கழி, கைக்கு வராத அந்நியச் செலாவணி லாபம்: 3
நடைமுறை மூலதன மாற்றத்துக்கு முந்தைய இயக்க லாபம்: 228

அடுத்து நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடத் தொழிலில் சுழலும் சரக்கு, வர வேண்டியவை, தர வேண்டியவை. ஆண்டுத் தொடக்கமும் முடிவும் இருப்புநிலைக் குறிப்பில் இப்படி இருக்கின்றன: கடனாளிகள் (ஒதுக்கு போக) 310, 362. சரக்கிருப்பு 240, 225. திரும்ப வர வேண்டிய ஜிஎஸ்டி 22, 40. கடனீந்தோர் 190, 233. பணிக்கொடை ஒதுக்கு 31, 38. கொடுபட வேண்டிய செலவுகள் 26, 24.

இவற்றை அப்படியே கழித்து எழுதக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் நிறுத்தி உள்ளே பாருங்கள்.

கடனாளிகள்: ஒதுக்கைக் கழிக்கும் முன் மொத்தம் 318-இலிருந்து 375 ஆகியிருக்கிறது, 57 கூடியிருக்கிறது. அதில் 3 டாலர் மதிப்பு ஏறியதால் வந்தது. ஆக, பில் போட்டு வசூலாகாமல் கூடியது 54.

கடனீந்தோர்: முடிவிலுள்ள 233-இல் 20 புதிய இயந்திரத்துக்குத் தர வேண்டிய பாக்கி. அது முதலீட்டுப் பகுதிச் சங்கதி. தொழில் கடனீந்தோர் 190-இலிருந்து 213 மட்டுமே.

கொடுபட வேண்டிய செலவுகள்: இதில் டேர்ம் லோன் வட்டி தொடக்கத்தில் 3, முடிவில் 5. வட்டியை எடுத்துவிட்டால் 23-இலிருந்து 19 ஆகக் குறைந்திருக்கிறது.

இப்போது எழுதலாம்.

கடனாளிகள் கூடியது: கழி 54
சரக்கிருப்பு குறைந்தது: கூட்டு 15
திரும்ப வர வேண்டிய ஜிஎஸ்டி கூடியது: கழி 18
தொழில் கடனீந்தோர் கூடியது: கூட்டு 23
பணிக்கொடை ஒதுக்கு கூடியது: கூட்டு 7
கொடுபட வேண்டிய செலவுகள் குறைந்தது: கழி 4
நிகர மாற்றம்: கழி 31
இயக்கத்திலிருந்து பெற்ற ரொக்கம்: 197
கழி, செலுத்திய வருமான வரி: 32
இயக்க நடவடிக்கைகளிலிருந்து நிகர ரொக்க ஓட்டம்: 165

இது சரிதான் என்று எப்படித் தெரியும்?

மற்ற இரண்டு பகுதிகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த நிறுவனம் 128-க்கு இயந்திரம் வாங்கியது, 20 பாக்கி, கொடுத்தது 108. பழைய இயந்திரம் விற்று வந்தது 11. வைப்புத்தொகை வட்டி 6-இல் 1 இன்னும் வரவில்லை, வந்தது 5. ஓராண்டு வைப்பில் போட்டது 30. முதலீட்டுப் பகுதி கழித்தல் 122. புதிய கடன் 60, திருப்பிக் கட்டியது 45, கட்டிய வட்டி 34, கேஷ் கிரெடிட் (வரம்புக்குள் எடுத்துத் திருப்பிக் கட்டும் வங்கிக் கடன்) பாக்கி குறைந்தது 15. நிதியளிப்புப் பகுதி கழித்தல் 34.

165 கழி 122 கழி 34, மிச்சம் 9. தொடக்க ரொக்கம் 14, இறுதி ரொக்கம் 23. பொருந்துகிறது.

ஆனால் பொருந்திவிட்டது என்பதாலேயே சரி என்று நினைத்துவிடக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மேலே நாம் நிறுத்தி உள்ளே பார்த்த மூன்று கணக்குகளையும் அவசரமாக அப்படியே கழித்திருந்தால், கடனாளிகள் 52, கடனீந்தோர் 43, செலவுகள் 2 என்று வந்து, இயக்க ரொக்க ஓட்டம் 189 ஆகியிருக்கும். 24 லட்சம் அதிகம். அதே அவசரத்தில் இயந்திரம் வாங்கியதை முழு 128 என்றும், வட்டியை 36 என்றும் எழுதியிருப்போம். கூட்டிப் பார்த்தால் ரொக்க உயர்வு 11 வரும், வர வேண்டியது 9. தவறு 24, வெளியே தெரிவது 2. மீதி 22 ஒரு பகுதியில் கூடி இன்னொரு பகுதியில் குறைந்து தன்னைத்தானே மறைத்துக்கொண்டது. அந்த 2-ஐயும் யாராவது 'இதர சரிக்கட்டல்' என்று எழுதி அடைத்துவிட்டால் தவறான அறிக்கை ஒன்று கையெழுத்தாகி வெளியே போய்விடும்.

தேய்மானத்தைக் கூட்டுகிறோமே, அப்படியானால் தேய்மானம் பணம் தருகிறதா?

இல்லை. இயந்திரத்துக்குப் பணம் வாங்கிய அன்றே போய்விட்டது. இந்த ஆண்டு 58 லட்சத்தைச் செலவாக எழுதியதால் லாபம் குறைந்தது, பணம் குறையவில்லை. குறைத்ததைத் திரும்பக் கூட்டுகிறோம், அவ்வளவுதான். தேய்மானத்தை இரட்டிப்பாக்கினால் லாபம் 58 குறையும், கூட்டுவது 58 கூடும், ரொக்க ஓட்டம் அசையாது. வரிச் சட்டப்படியான தேய்மானம் மாறினால் மட்டும் கட்டும் வரி மாறும், அது வழியாக ரொக்கம் மாறும். நற்பெயர் (குட்வில்) மதிப்பைப் படிப்படியாக எழுதிக் கழிப்பது, சொத்து மதிப்பிழப்பு, ஊழியர்களுக்கான பங்குரிமைத் திட்டச் செலவு எல்லாமே இதே வகை.

வரிக்கு முந்தைய லாபமா, வரிக்குப் பிந்தைய லாபமா?

ஏஎஸ் 3 மாதிரிப் படிவம் வரிக்கும் அசாதாரண இனங்களுக்கும் முந்தைய லாபத்தில் தொடங்குகிறது. இந்தியாவில் பெரும்பாலான கம்பெனிகளும் வரிக்கு முந்தைய லாபத்தையே எடுக்கின்றன. அமெரிக்க விதிகளில் வரிக்குப் பிந்தைய நிகர லாபம்தான் தொடக்கம். நிகர லாபத்தில் தொடங்கினால் வரிச் செலவைத் திரும்பக் கூட்டிவிட்டு, கட்டிய வரியைத் தனியே கழியுங்கள். நம் கணக்கில் நடப்பு வரி 35, ஒத்திவைக்கப்பட்ட வரி (பின்னால் கட்ட வேண்டி வரும் என்று இப்போதே எழுதும் வரி) 2, நிகர லாபம் 105. 105-உடன் 37-ஐக் கூட்டினால் மீண்டும் 142-க்கே வந்துவிடுவோம்.

2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு வரும் சர்வதேசத் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 18, மறைமுக முறையின் தொடக்கப் புள்ளியை இயக்க லாபம் என்று ஒரே மாதிரி ஆக்குகிறது. சர்வதேசத் தரத்தைப் பின்பற்றும் தாய் நிறுவனத்துக்குக் கணக்கு அனுப்புகிறவர்கள் இப்போதே கவனிக்க வேண்டியது இது.

கட்டிய வரி 32 எங்கிருந்து வந்தது?

தொடக்கத்தில் கட்ட வேண்டியிருந்த நிகர வரி 6, இந்த ஆண்டு நடப்பு வரி 35, முடிவில் பாக்கி 9. 6 கூட்டு 35 கழி 9, ஆக 32. ஒத்திவைக்கப்பட்ட வரி 2 இதில் வராது, அதில் பணம் இல்லை.

இந்த 32-ஐ லெட்ஜரோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். நான்கு தவணை முன்கூட்டிய வரி (ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15), போன ஆண்டுக்கு இந்த ஆண்டு கட்டிய சுயமதிப்பீட்டு வரி, மற்றவர்கள் நம்மிடம் பிடித்த டிடிஎஸ் எல்லாம் சேர்ந்து அந்த எண் வர வேண்டும். திரும்ப வந்த ரீஃபண்டைக் கழியுங்கள். டிடிஎஸ் நம் கையிலிருந்து போகாவிட்டாலும் நம் வரிதான். அதைக் கட்டிய வரியில் சேர்த்தால் விற்பனை வசூலும் முழுத்தொகையாக நிற்கும். நிலம் விற்ற மூலதன ஆதாய வரி போலத் தெளிவாக வேறு பகுதியோடு அடையாளம் காட்ட முடிந்த வரியை அந்தப் பகுதியில் காட்டலாம்.

கூட்டுவதா கழிப்பதா என்று அடிக்கடி குழம்புகிறது. ஒரு வழி?

'இந்தக் கணக்கில் பணம் போய் மாட்டிக்கொண்டதா, இல்லை, இதிலிருந்து விடுபட்டதா?' என்று கேளுங்கள். சரக்கு கூடினால் பணம் குடோனில் மாட்டியிருக்கிறது, கழி. நூல் மில்லுக்குத் தர வேண்டியது கூடினால், நாம் கொடுக்க வேண்டிய பணம் இன்னும் நம்மிடமே இருக்கிறது, கூட்டு. முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு குறைந்தால், செலவு எழுதியாயிற்று, ஆனால் பணம் போன ஆண்டே போனது, கூட்டு. வாடிக்கையாளர் கொடுத்த அட்வான்ஸ் குறைந்தால், பில் போட்டாயிற்று, பணம் முன்பே வந்தது, கழி.

ஐயக்கடன் ஒதுக்கைக் கூட்டிவிட்டுக் கடனாளிகளையும் நிகரமாக எடுத்தால் என்ன ஆகும்?

ஒரே தொகை இரண்டு முறை வரும். ஒதுக்கு 5 கூடியதால் நிகரக் கடனாளிகள் ஏற்கெனவே 5 குறைவாகத் தெரிகிறது. மேலே கூட்டியதை இங்கே மறுபடி கூட்டியதாகிறது. வழி இரண்டு. ஒதுக்கை மேலே தனி வரியாகக் கூட்டி, கடனாளிகளை மொத்தத் தொகையில் எடுப்பது. அல்லது ஒதுக்கைக் கண்டுகொள்ளாமல் கடனாளிகளை நிகரமாக எடுப்பது. நம் கணக்கில் முதல் வழியில் 228 கழி 54, 174. இரண்டாவது வழியில் ஒதுக்கு 5, செலாவணி லாபம் 3 இரண்டையும் தொடாமல் 226 கழி 52, அதுவும் 174. வெளியிடும் அறிக்கைக்கு முதல் வழிதான் நல்லது, வாசிப்பவருக்கு ஒதுக்கு கண்ணில் படும்.

வாராக்கடனை முழுதாக எழுதிக் கழித்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஏற்கெனவே ஒதுக்கிய தொகையிலிருந்து எழுதிக் கழித்தால் மொத்தக் கடனாளிகளும் ஒதுக்கும் ஒரே அளவு குறையும், பணம் எதுவும் வந்திருக்காது. அந்தத் தொகையை முடிவுக் கடனாளிகளோடு திரும்பச் சேர்த்துவிட்டுத்தான் மாற்றத்தை எடுக்க வேண்டும்.

சரக்கு மதிப்பைக் குறைத்து எழுதியதற்கும் இதே எச்சரிக்கை. சரக்கிருப்பு மாற்றத்திலேயே அது அடங்கியிருக்கிறது. தனியாகக் கூட்டினால் சரக்கு வரியிலிருந்து நீக்குங்கள்.

இயந்திரப் பாக்கி எப்படித் தொழில் கடனீந்தோருக்குள் வந்தது?

டேலி கணக்கு மென்பொருளில் 'சண்ட்ரி கிரெடிட்டர்ஸ்' (கடனீந்தோர்) குழுவுக்குள் நூல் மில், சாயப்பட்டறை, அட்டைப்பெட்டி சப்ளையர், தையல் ஜாப் ஒர்க் எடுப்பவர் எல்லாரும் இருப்பார்கள். இயந்திரம் விற்றவருக்கும் பில் பதியும்போது புது லெட்ஜர் திறப்பவர் அதே குழுவைத்தான் கொடுப்பார். ஆண்டு முடிவில் 233 என்று ஒரே வரியாக வந்து நிற்கும். ஆள்வாரிப் பட்டியலை இறக்கி, நிலைச் சொத்து ரெஜிஸ்டரில் இந்த ஆண்டு சேர்ந்த ஒவ்வொரு சொத்தின் சப்ளையர் பெயரையும் அந்தப் பட்டியலில் தேடுவதுதான் ஒரே வழி. ஏப்ரல் மாதமே 'மூலதனக் கடனீந்தோர்' என்று தனிக் குழு போட்டுவிட்டால் இந்தத் தேடலே தேவைப்படாது. போன ஆண்டு முடிவிலும் அப்படிப் பாக்கி இருந்ததா என்று பாருங்கள், தொடக்க எண்ணிலும் அதை நீக்க வேண்டும். இயந்திரத்துக்குக் கொடுத்த அட்வான்ஸும் இதேபோல 'இதர அட்வான்ஸ்' தலைப்புக்குள் ஒளிந்திருக்கும்.

ஜிஎஸ்டியை எப்படிக் கையாள்வது?

விற்பனை பில்லின் ஜிஎஸ்டி லாபத்தில் வருவதில்லை, ஆனால் கடனாளிகள் பாக்கிக்குள் இருக்கிறது. அதனால் கட்ட வேண்டிய ஜிஎஸ்டி, கிரெடிட் லெட்ஜரில் இருக்கும் உள்ளீட்டு வரி வரவு, ரீஃபண்ட் பாக்கி மூன்றையும் நடைமுறை மூலதன மாற்றத்தில் சேர்த்தே தீர வேண்டும். ஒன்றை விட்டாலும் கணக்கு பொருந்தாது. ஏற்றுமதியாளருக்கு இது சின்ன வரி அல்ல. ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம், வாங்கும் பொருளுக்கு வரி கட்டியாக வேண்டும், ரீஃபண்ட் வரும்வரை அந்தப் பணம் முடங்கும். நம் கணக்கில் 18 லட்சம் இப்படித்தான் நின்றுபோயிருக்கிறது.

வட்டியை ஏன் கூட்டுகிறோம்? அது தொழில் செலவுதானே?

ஏஎஸ் 3, இண்ட் ஏஎஸ் 7 இரண்டிலும், நிதி நிறுவனம் அல்லாதவற்றுக்குக் கட்டிய வட்டி நிதியளிப்புப் பகுதி, வந்த வட்டியும் பங்காதாயமும் முதலீட்டுப் பகுதி. வங்கிக்கும் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கும் வட்டிதான் தொழில், அவற்றுக்கு இயக்கப் பகுதி. லாபத்தில் 36 செலவு எழுதியிருக்கிறது, முழுவதையும் கூட்டிவிட்டு, உண்மையில் கட்டிய 34-ஐ நிதியளிப்பில் காட்டுகிறோம். 36 கூட்டு தொடக்கப் பாக்கி 3 கழி முடிவுப் பாக்கி 5.

அமெரிக்க விதிகளில் கட்டிய வட்டியும் வந்த வட்டியும் இயக்கப் பகுதிக்கே போகும். இதே திருப்பூர் நிறுவனம் அங்கே இருந்தால் 165 கழி 34 கூட்டு 5, ஆக 136 என்று காட்டும். இரண்டு நாட்டு நிறுவனங்களின் இயக்க ரொக்க ஓட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முன் இந்தச் சரிக்கட்டலைச் செய்யுங்கள்.

ஓவர்டிராஃப்ட், கேஷ் கிரெடிட், வைப்புத்தொகை எல்லாம் ரொக்கமா?

ஏஎஸ் 3-இல் ஓவர்டிராஃப்டும் கேஷ் கிரெடிட்டும் கடன், மாற்றம் நிதியளிப்பில் வரும். இண்ட் ஏஎஸ் 7-இல், கேட்டவுடன் திருப்பித்தர வேண்டியதாகவும், நிறுவனத்தின் அன்றாட ரொக்க நிர்வாகத்தோடு பின்னிப்பிணைந்ததாகவும் இருக்கும் ஓவர்டிராஃப்டை ரொக்கத்தின் பகுதியாக எடுக்க இடமுண்டு. வைப்புத்தொகை போட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முதிர்ந்தால்தான் ரொக்கத்துக்கு இணையானது. ஓராண்டு வைப்பு மார்ச் 31 அன்று முதிர்வுக்கு இரண்டு மாதமே இருந்தாலும் முதலீடுதான். மூன்று மாதத்தை இருப்புநிலைத் தேதியிலிருந்து எண்ணுவது மிகப் பரவலான தவறு. எல்சிக்கு (சப்ளையருக்கு வங்கி தரும் கடனுறுதிக் கடிதம்) வங்கி பிடித்து வைத்த மார்ஜின் பணத்தை எடுத்துச் செலவழிக்க முடியாது, அதைத் தனியே பிரியுங்கள்.

பணிக்கொடை ஒதுக்கில் ஏதாவது சிக்கல் உண்டா?

ஏஎஸ் பின்பற்றினால் மாற்றம் முழுவதும் லாப நட்டக் கணக்கு வழியாகவே வரும், 7-ஐ அப்படியே எடுக்கலாம். இண்ட் ஏஎஸ்-இல் காப்புக்கணிப்பாளர் (ஆக்சுவரி) கணிப்பு மாறுவதால் வரும் மறுஅளவீடு லாபத்துக்கு வெளியே, இதர முழுமை வருமானத்துக்குப் போகிறது. 7-இல் 2 அப்படிப் போயிருந்தால் லாபத்தைக் குறைத்தது 5 மட்டுமே, கூட்ட வேண்டியதும் 5 மட்டுமே. அறிக்கை சின்னத் தொகையில் இடிக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

வாடகைக்கு எடுத்த கட்டடம்?

ஏஎஸ் பின்பற்றினால் சாதாரண வாடகை இயக்கச் செலவு, தொட வேண்டியதில்லை. குத்தகைக்கான தரமான இண்ட் ஏஎஸ் 116-இல் நீண்டகால வாடகை ஒரு கடனாக மாறுகிறது. ஆண்டு வாடகை 12 என்றால், அசல் 8, வட்டி 4 என்று பிரிந்து இரண்டுமே நிதியளிப்புப் பகுதிக்குப் போகும். இயக்க ரொக்க ஓட்டம் 12 கூடித் தெரியும், தொழிலில் எதுவும் மாறாமலேயே. குறுகிய கால வாடகை இயக்கத்திலேயே இருக்கும்.

அறிக்கை பொருந்தவில்லை. எங்கே தேடுவது?

வித்தியாசத்தை இரண்டால் வகுத்து, அந்தத் தொகை ஏதாவது வரியில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கூட்ட வேண்டியதைக் கழித்திருப்பீர்கள். ஒன்பதால் மீதமின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 54-ஐ 45 என்று எழுதியது போல. இரண்டும் இல்லையென்றால் இருப்புநிலைக் குறிப்பை மேலிருந்து கீழாக எடுத்து, ஒவ்வொரு வரியின் மாற்றமும் ரொக்க ஓட்டத்தில் எங்கே போனது என்று பக்கத்தில் குறியுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழுதாக ஓர் இடம் இருக்க வேண்டும். ஓரிடமும் கிடைக்காத வரிதான் குற்றவாளி. போன ஆண்டு எண்களை இந்த ஆண்டு மறுவகைப்படுத்தியிருந்தால் புதிய தொடக்க எண்களையே எடுக்க வேண்டும், பழைய ஆண்டறிக்கையிலிருந்து எடுத்தால் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

கடனைப் பங்காக மாற்றியது, போனஸ் பங்கு கொடுத்தது போன்றவற்றில் பணம் இல்லை. அவை அறிக்கைக்குள் வரக்கூடாது, குறிப்பில்தான் வரும்.

லாபம் இருக்கிறது, இயக்க ரொக்க ஓட்டம் கழித்தலில் இருக்கிறது. ஆபத்தா?

எந்த வரி இழுக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆர்டர் பெருகி, நூல் வாங்கிக் குவித்து, பில் போட்டு 90 நாள் காத்திருக்கும் வளர்ச்சி ஆண்டில் இது இயல்பு. விற்பனை கூடாமல் கடனாளிகள் மட்டும் கூடினால் வசூல் நின்றிருக்கிறது அல்லது விற்பனையே சந்தேகத்துக்குரியது. மறைமுக முறையின் பெரிய பயனே இதுதான், பணம் எந்த வரியில் மாட்டியிருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. சப்ளையர்களுக்குக் கொடுப்பதை மார்ச் கடைசியில் நிறுத்திவைத்து ஏப்ரல் முதல் வாரத்தில் கொடுத்தால் 165 கூட 200 ஆகும். அடுத்த ஆண்டு அது அப்படியே திரும்பிக் கடிக்கும். அதனால் ஓர் ஆண்டை மட்டும் பார்க்காமல் மூன்று நான்கு ஆண்டுகளின் லாபத்தையும் இயக்க ரொக்க ஓட்டத்தையும் தனித்தனியே கூட்டி ஒப்பிடுங்கள்.

லாபத்தைத் திரிக்கலாம், ரொக்கத்தைத் திரிக்க முடியாது என்கிறார்களே?

அந்த நம்பிக்கை சரியில்லை. அமெரிக்காவின் வேர்ல்ட்காம் மற்ற தொலைபேசி நிறுவனங்களுக்குக் கொடுத்த இணைப்புக் கட்டணத்தைச் செலவாக எழுதாமல் சொத்தாக எழுதியது. 2002 ஜூனில் அது வெளியான முதல் அறிவிப்பிலேயே தொகை 380 கோடி டாலருக்கு மேல். பணம் உண்மையில் போயிருந்தது, ஆனால் இயக்கப் பகுதியில் போகாமல் முதலீட்டுப் பகுதியில் போனதாகக் காட்டப்பட்டது. லாபமும் கூடியது, இயக்க ரொக்க ஓட்டமும் கூடியது, மொத்தக் கணக்கும் பொருந்தியது.

சத்யம் விவகாரத்தில் ரொக்கமே பொய். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, இருப்புநிலைக் குறிப்பில் காட்டியிருந்த ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. இறுதி இருப்பே பொய்யாக இருக்கும்போது எந்தச் சரிக்கட்டலும் அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே தேய்மான வரியை எழுதும் முன்பே மார்ச் 31 தேதியிட்ட வங்கி உறுதிச் சான்றை, நிறுவனத்தின் கை படாமல் வங்கியிடமிருந்து நேராகவே வாங்கி, இறுதி ரொக்கம் 23 அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஏற்றுமதி பில்லை வங்கியில் டிஸ்கவுண்ட் செய்தால் (பில்லைக் கொடுத்து முன்கூட்டியே பணம் வாங்கினால்) வந்த பணம் எந்தப் பகுதி?

வாடிக்கையாளர் கொடுக்காவிட்டால் வங்கி நம்மிடம் திரும்பி வருமா என்பதைப் பொறுத்தது. வருமென்றால் இண்ட் ஏஎஸ்-இல் அது கடன், கடனாளி புத்தகத்திலேயே இருப்பார், வந்த பணம் நிதியளிப்பு. பொறுப்பு முழுதும் வங்கிக்குப் போய்விட்டால் கடனாளி தீர்ந்தார், பணம் இயக்கப் பகுதியில் வசூலாக வரும். ஏஎஸ் பின்பற்றும் சிறிய நிறுவனங்கள் பல, திரும்பி வரும் பில்லையும் கடனாளியிலிருந்து கழித்து, எதிர்பாராப் பொறுப்பாகக் குறிப்பில் மட்டும் எழுதுகின்றன. அப்படிச் செய்த ஆண்டில் இயக்க ரொக்க ஓட்டம் பில் தொகை அளவுக்குப் பெருத்துத் தெரியும். கடன் கொடுக்கும் வங்கி அதிகாரி முதலில் புரட்டுவது அந்தக் குறிப்பைத்தான். எந்த வழியை எடுத்தாலும் போன ஆண்டும் அதே வழிதானா என்று பார்த்து, மாறியிருந்தால் மாறியதைக் குறிப்பில் எழுதுங்கள்.